மகனுக்கு ஏடிஹெச்டி மாத்திரை எழுதியிருக்கிறார்கள், இதைக் கொடுத்தால் பின்னால் போதைக்குப் போய்விடுவான் என்பது உண்மையா?

கொடுமுடி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று கேட்டே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

மகனுக்கு எட்டரை வயது, மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே புகார்தான். உட்கார மாட்டான், பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்குவான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான், அந்தப் பதில் பாதி நாள் சரியாகவும் இருக்கும், ஆனால் நோட்டில் எழுதச் சொன்னால் மூன்று வரிக்குமேல் போகாது. கோவையில் ஒரு குழந்தை மனநல மருத்துவரிடம் மூன்று முறை போனோம். வீட்டில் நாங்களும் பள்ளியில் டீச்சரும் தனித்தனியாகப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம், காது கண் எல்லாம் பார்த்தார்கள், கடைசியில் ஏடிஹெச்டிதான், அதாவது கவனம் நிற்காமல் மிகையாகத் துறுதுறுக்கிற குறைபாடுதான் என்றார். எங்கள் இருவருக்கும் பெற்றோர் பயிற்சியும், அவனுக்கு மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரையும் எழுதினார்.

அந்த மாத்திரை எங்கள் ஊரில் இல்லை. ஈரோட்டில் நான்காவது கடையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனார் அட்டையை வாங்கிப் பார்த்தார், அவர் முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். சிவப்பு எழுத்தில் என்ஆர்எக்ஸ் என்று இருந்ததைக் காட்டி, "அண்ணி, இது போதை மருந்துச் சட்டத்துல வர்றது. பையனை நீங்களே பழக்கி விட்டுடாதீங்க" என்றார். அன்றிலிருந்து பன்னிரண்டு நாளாக அட்டை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. என் அண்ணனுக்கு நாற்பத்தொன்று. இருபது வருடமாகக் குடி. இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம், அண்ணி குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். என் அம்மா பேரனைப் பார்க்கும்போதெல்லாம் "மாமனை உரிச்சு வெச்சிருக்கான்" என்று சொல்வார். முன்பு சிரிப்பாக இருக்கும். இப்போது அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் அண்ணனும் சின்ன வயதில் இதே மாதிரிதான், இதே பென்சில், இதே புகார். அவனுக்கு யாரும் எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரூர்_அப்பா:

சகோதரி, கொடுக்காதீர்கள். எட்டு வயதில் துறுதுறுவென்று இல்லாத பையன் யார்? நாங்கள் படிக்கும்போது வகுப்பில் பத்துப் பேர் இப்படித்தான் இருந்தோம், இந்தப் பெயரே அப்போது கிடையாது. கொகெயின் வேலை செய்கிற அதே இடத்தில்தான் மூளையில் இந்த மருந்தும் வேலை செய்கிறது என்று படித்திருக்கிறேன். விளையாட விடுங்கள், சிலம்பத்தில் சேருங்கள், செல்போனைப் பிடுங்கி வையுங்கள், ஓர் ஆண்டு பாருங்கள்.

இன்று_மட்டும்:

அக்கா, உங்கள் அண்ணன் பத்தியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அது நான்தான்.

மதுரைப் பக்கம், வயது 39. குடியை விட்டு ஐந்து ஆண்டு ஆகிறது. என் முப்பத்துநான்காவது வயதில், நான்காவது முறை சிகிச்சைக்குச் சேர்ந்தபோது, அங்கே இருந்த ஒரு டாக்டர் குடியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு மூன்றாம் வகுப்பைப் பற்றிக் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. என் அம்மாவை வரவழைத்து, பழைய ரேங்க் கார்டைக்கூடக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே வரி: "புத்திசாலி, ஆனால் கவனம் இல்லை." இத்தனை வருடமாக வீட்டுப் பரணில் கிடந்த வரி.

சின்ன வயதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், குறை சொல்வதற்காக இல்லை. வகுப்புக்கு வெளியே முழங்கால் போட்ட நாள்தான் அதிகம். வீட்டில் அப்பாவின் பெல்ட். சொந்தக்காரர்கள் வந்தால் தம்பியைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், என்னைப் பார்த்து "இவன் இன்னும் திருந்தலையா" என்பார்கள். பன்னிரண்டு வயதுக்குள் எனக்கே தெரிந்துவிட்டது, நான் கெட்டவன் என்று. அதற்கப்புறம் கெட்ட பையன்கள் என்று பெயர் எடுத்தவர்கள் மட்டும்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பதினான்கு வயதில் ஒருவன் புகையிலைப் பொட்டலம் கொடுத்தான். உதட்டுக்குள் வைத்த ஐந்து நிமிடத்தில் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பத்து ரேடியோவில் ஒன்பது நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குப் போதையாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் எப்போதும் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது, அழுகை வந்தது.

பதினேழில் பீர், இருபதில் தினம் ஒரு குவார்ட்டர். மிச்சத்தை உங்கள் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கதை ஒன்றாகத்தான் இருக்கும்.

கரூர் அண்ணா, சிலம்பம் நானும் கற்றேன், நன்றாகவே சுற்றுவேன். உடம்புக்கு நல்லது. பரீட்சைத் தாளில் மூன்று வரியைத் தாண்ட அது எனக்கு உதவவில்லை.

மனநலம்_நெல்லை:

மனநல மருத்துவராக இருக்கிறேன். இங்கே யாருக்கும் மருந்து சொல்வதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா உங்கள் மகனைப் பார்த்த மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும். ஆனால் பயத்தைப் பற்றிப் பேசலாம்.

முதலில் அந்தச் சிவப்பு எழுத்து. கொழுந்தனார் சொன்னது பொய்யில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் மீத்தைல்ஃபெனிடேட் இருக்கிறது. பதற்றத்துக்குக் கொடுக்கிற டயசிபாமும் அதே பட்டியலில் இருக்கிறது, வலிப்பு வந்த பச்சைக்குழந்தைக்குக் கொடுக்கிற ஃபீனோபார்பிட்டோனும் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, கணக்கு வைக்க வேண்டும் என்பதற்கான குறி அது. முறைப்படி சாப்பிடுகிற குழந்தை அடிமையாகும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அடுத்தது கரூர் நண்பர் சொன்ன கொகெயின். அதுவும் முழுப் பொய்யில்லை, அதனால்தான் அது இவ்வளவு பரவியிருக்கிறது. இரண்டுமே டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் கதவை அடைக்கின்றன. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழுவினர் மூளையைப் படம் எடுத்தே இதைக் காட்டினார்கள். ஆனால் அதே ஆய்வுகள் காட்டிய இன்னொரு பாதியை யாரும் பகிர்வதில்லை. நரம்பில் ஏற்றிய கொகெயின் சில நிமிடங்களில் மூளையில் உச்சிக்குப் போகிறது. வாய்வழி சாப்பிட்ட மீத்தைல்ஃபெனிடேட் உச்சிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போதை என்று மனிதன் உணர்வது அந்தச் சட்டென்ற ஏற்றத்தைத்தான். மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அந்த உணர்வு வருவதில்லை. பொடியாக்கி மூக்கில் இழுத்தால் கதை வேறு, அதனால்தான் பெரிய பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் நீண்ட நேரம் வேலை செய்யும் வகையை விரும்புகிறோம்.

இப்போது முக்கியமான கேள்வி. ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த 27 ஆய்வுகளை 2011ல் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். நிகோட்டினுக்கு அடிமையாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கொகெயின் இரண்டு மடங்கு. குடி, கஞ்சா இரண்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். மதுரைத் தம்பியின் கதை புகையிலையில் தொடங்கியது தற்செயல் இல்லை. நிகோட்டின் கொஞ்ச நேரத்துக்குக் கவனத்தைக் கூட்டும், ஆகவே இவர்களுக்கு அது மருந்து மாதிரி வேலை செய்து ஏமாற்றுகிறது. திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான், போதைச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏடிஹெச்டி இருக்கிறது, அதில் பெரும்பாலோருக்கு யாரும் கண்டுபிடித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றாலும் ஏடிஹெச்டி உள்ள பெரும்பாலான குழந்தைகள் எந்தப் போதைக்கும் அடிமையாவதில்லை.

கரூர்_அப்பா:

டாக்டர், நோய்க்கும் போதைக்கும் தொடர்பு இருக்கிறது, சரி. நான் கேட்டது மாத்திரையைப் பற்றி. மாத்திரை சாப்பிட்ட குழந்தைகள் போதையிலிருந்து தப்பித்தார்களா? ஆம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அதே பிரச்சினையோடு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், வயது பத்து. ஓடியாட மாட்டாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு ஆண்டாக மாத்திரையைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். வாதாடுவதற்காகக் கேட்கவில்லை.

மனநலம்_நெல்லை:

நல்ல கேள்வி. பதில் நாம் ஆசைப்படுகிற அளவுக்குச் சுத்தமாக இல்லை, அதையும் அப்படியே சொல்கிறேன்.

1998ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பின்னால் புகையிலையும் கொகெயினும் அதிகம் என்றது. இன்றுவரை நம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றும் பயத்துக்கு அது ஒரு வேர். 2003ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் நேர் எதிராகச் சொன்னார்கள், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் போதைச் சிக்கல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்று. 2013ல் பதினைந்து ஆய்வுகள், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள்: கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அமெரிக்காவில் 1990களில் 579 குழந்தைகளோடு தொடங்கிய பெரிய சிகிச்சை ஆய்வு ஒன்று உண்டு, அந்தப் பிள்ளைகளை இருபத்தைந்து வயதுவாக்கில் வரை பின்தொடர்ந்து 2023ல் எழுதினார்கள். அங்கேயும் அதே முடிவுதான், கெடுதலும் இல்லை, கவசமும் இல்லை.

ஆனால் இன்னொரு வகை ஆய்வு இருக்கிறது. ஸ்வீடனில் ஏடிஹெச்டி உள்ள 38,753 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 2006ல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் மூன்று ஆண்டு கழித்துப் போதைச் சிக்கல்கள் 31 சதவீதம் குறைவாக இருந்தன. அமெரிக்காவில் 2017ல் வந்தது இதைவிடப் பெரியது, ஏறக்குறைய முப்பது லட்சம் பேர். அதில் ஒரே மனிதரை அவரோடு அவரையே ஒப்பிட்டார்கள், மருந்து சாப்பிட்ட மாதத்தையும் சாப்பிடாத மாதத்தையும். சாப்பிட்ட மாதங்களில் போதை தொடர்பாக மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலை மூன்றில் ஒரு பங்கு குறைவு.

நான் இதை எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், மாத்திரை தடுப்பூசி இல்லை. எட்டு வயதில் சாப்பிட்டதன் பலன் பதினெட்டில் வந்து காவல் நிற்காது. சாப்பிடுகிற காலத்தில் அவசரபுத்தியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். அந்த 579 பேரிலும் மருந்தைத் தொடங்கியவர்களில் பலர் பதின்ம வயதுக்குள் நிறுத்திவிட்டார்கள். சரியாக ஆபத்து தொடங்குகிற வயதில். என் அறையிலும் இதைத்தான் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை ஒழுங்காக வருவார்கள், அப்புறம் "பையன் வளர்ந்துட்டான், சரியாயிடுச்சு" என்று நிறுத்துவார்கள், பன்னிரண்டாம் வகுப்பில் வேறு பிரச்சினையோடு திரும்பி வருவார்கள்.

உங்கள் மகளைப் பற்றி: ஜன்னலைப் பார்க்கிற குழந்தைகள்தான் மிகவும் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். யாரையும் தொந்தரவு செய்வதில்லை, அதனால் யாரும் புகார் சொல்வதில்லை. மாத்திரையோ இல்லையோ, தள்ளிப்போடாமல் ஒரு முறை முழுமையாகச் சோதித்துவிடுங்கள். இது புதிதாக முளைத்த பெயர் என்று எழுதியிருந்தீர்கள், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட 43 குழந்தைகளைப் பற்றி 1902லேயே விரிவுரை நடத்தியிருக்கிறார்.

கணக்கு_வாத்தியார்:

இருபத்தேழு வருடமாக நடுநிலைப் பள்ளி ஆசிரியர். டாக்டர் மூளையைப் பற்றிச் சொன்னார், நான் பெஞ்சைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறோம், தொந்தரவு தாங்காமல். அங்கே ஏற்கெனவே வேறு காரணங்களுக்காக அனுப்பப்பட்ட நான்கு பேர் இருப்பார்கள், அதில் ஒருவனுக்கு வீட்டிலேயே புகையிலை தெரியும். ஆறு மாதத்தில் ஐந்து பேருக்கும் தெரியும். நாமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அப்புறம் "சேர்க்கை சரியில்லை" என்று அம்மாவைக் கூப்பிட்டு எழுதி வாங்குகிறோம். நானும் செய்திருக்கிறேன். எத்தனை பேரை என்று எண்ணினால் மனது தாங்காது.

கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003லேயே சட்டம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் பள்ளி வாசலில் நின்றால் இரண்டு பெட்டிக்கடை தெரியும், இரண்டிலும் கிடைக்கும், மிட்டாய் டப்பாவுக்குப் பின்னால். எல்லாப் பையன்களும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள், ஆனால் யோசிப்பதற்கு முன் கை நீட்டிவிடுகிற பையனுக்கு அந்தக் கடை ரொம்பப் பக்கம்.

அம்மா, மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் பெஞ்சு, ஜன்னல் பக்கம் வேண்டாம், பத்துக் கணக்கை ஒன்றாகக் கொடுக்காமல் மூன்று மூன்றாக, நடுவில் கரும்பலகை அழிக்கவோ சாக்பீஸ் எடுத்து வரவோ ஒரு வேலை. இதற்குக் காசு பணம் எதுவும் வேண்டாம். இப்படி நான் வைத்துக்கொண்ட ஒருவன் இன்று லேத் பட்டறை வைத்திருக்கிறான், பொங்கலுக்குக் கரும்போடு வருவான்.

ஸ்காபரோ_தாய்:

தங்கச்சி, நான் கனடாவில் இருக்கிறன், ஊர் பருத்தித்துறை. என்ர மகனுக்கு ஏழு வயதில் இந்தக் குளிசை தொடங்கினது, இப்ப பத்தொன்பது. அடிமையாகேல்லை. நாங்கள்தான் ஒவ்வொரு நாளும் "குளிசை போட்டியா" என்று ஞாபகப்படுத்த வேண்டிக் கிடந்தது. அடிமையானவன் மருந்தை மறப்பானோ?

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேணும், அதை ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லேல்லை. அவன் பதினோராம் வகுப்பு படிக்கேக்க சோதனை நேரம் கூட்டாளிகள் அவனிட்டைக் குளிசை கேட்டிருக்கிறாங்கள், இரவு முழித்துப் படிக்கிறதுக்கு. இரண்டைக் குடுத்தும் விட்டான், சிநேகிதத்துக்காக. நான் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிச்சன். அன்றைக்கு நாங்கள் ஏசாமல் இருத்திக் கதைச்சம். இது உன்ர மூளைக்கு வைத்தியர் அளந்து தந்தது, மற்றப் பிள்ளையின்ர இருதயத்துக்கு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியுமோ என்று கேட்டன். அதுக்குப் பிறகு பூட்டின அலுமாரி, கிழமைக்கொருக்கா எண்ணுறது. உங்கட மகன் சின்னவன், இப்ப தேவையில்லை, ஆனால் பின்னுக்குத் தேவைப்படும்.

இன்று_மட்டும்:

டாக்டர், ஒரு கேள்வி. அக்காவின் அண்ணன் மாதிரி, ஏற்கெனவே முழுகிப் போனவர்களுக்கு இப்போது கண்டுபிடித்து என்ன பயன் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். எனக்குப் பயன் இருந்தது. குடியை மட்டும் நிறுத்தச் சொன்ன மூன்று முறையும் நாற்பது நாள்கூடத் தாண்டவில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நின்றது. எனக்கு ஏடிஹெச்டிக்கான இன்னொரு மருந்தான அட்டமாக்செட்டின் கொடுத்தார்கள். இது என் ஒருவனுக்கு நடந்ததா, பொதுவாகவே அப்படியா?

மனநலம்_நெல்லை:

உங்கள் ஒருவருக்கு மட்டும் இல்லை. ஸ்வீடனில் சிறையிலிருந்து வெளிவரும் நிலையில் இருந்த, ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருளுக்கு அடிமையான 54 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2014ல் வெளிவந்தது. எல்லோருக்கும் ஏடிஹெச்டி உண்டு. பாதிப் பேருக்கு வழக்கத்தைவிட அதிக அளவில் மீத்தைல்ஃபெனிடேட், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, 24 வாரம். மருந்து கிடைத்தவர்களின் சிறுநீர்ச் சோதனை அதிக முறை சுத்தமாக வந்தது, சிகிச்சையை விட்டு ஓடியவர்களும் குறைவு. வீட்டில் முயல்கிற அளவு இல்லை அது, முழுக் கண்காணிப்பில் கொடுத்தது. மற்றபடி குடிக்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு உங்களுக்குக் கொடுத்தது போன்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம், அதில் பழகிப்போகும் ஆபத்து இல்லை. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்று காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அருகில் யாரும் இல்லாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கொடுமுடி_அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

மதுரைத் தம்பி எழுதியதை அண்ணனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். காலை நேரம், குடிக்கவில்லை. பத்து ரேடியோ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு எட்டாவது படிக்கிறப்பவே" என்று தொடங்கி, இத்தனை வருடத்தில் எங்கள் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னான். நான் அவனுக்கு மூன்று வயது இளையவள், ஒரே பள்ளிதான், வெளியே முழங்கால் போட்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன், வெட்கமாக இருக்கும் என்று பார்க்காத மாதிரி. அதை அவனும் மறக்கவில்லை.

மகனைப் பார்க்கும் மருத்துவரிடம் குடும்பத்தில் குடி இருக்கிறது என்று முதலில் நான் சொல்லவில்லை. போன் செய்து சொன்னேன். அது மிக முக்கியமான தகவல் என்றார், மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. இதயம், ரத்த அழுத்தம், உயரம், எடை எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறை பார்ப்பாராம். அண்ணனையும் அழைத்து வரச் சொன்னார், பெரியவர்களைப் பார்க்கும் இன்னொரு மருத்துவரிடம் அனுப்புவதாக. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். புதன்கிழமை போகிறோம். வருவானா என்பது புதன்கிழமைதான் தெரியும்.

ஞாயிறன்று காலை இட்லி சாப்பிட்ட பிறகு முதல் மாத்திரை கொடுத்தேன். கொழுந்தனாரும் கூடவே உட்கார்ந்திருந்தார், அவராகத்தான் வந்தார், நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தரை மணிக்கு மகன் கணக்கு நோட்டை எடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினான். எழுதிவிட்டு, "அம்மா, இன்னிக்கு நோட்டு நவுரவே இல்ல" என்றான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மதியச் சோறுதான் இறங்கவில்லை. மூன்று நாளாகவே டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பசி என்கிறான். இது சரியாகுமா, நான் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஸ்காபரோ_தாய்:

என்ர மகனுக்கும் இதுதான் நடந்தது. காலமை குளிசைக்கு முன்னம் வயிறு நிறையக் குடுங்கோ, முட்டை, பால், எது பிடிக்குதோ அது. மத்தியானம் வற்புறுத்தாதேங்கோ. பின்னேரம் அவன் பசி என்று கேட்கேக்க சோறே போடுங்கோ, பிஸ்கட் குடுத்து அனுப்பாதேங்கோ. எடையைக் கிழமைக்கொருக்கா எழுதி வைத்து வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.

கரூர்_அப்பா:

சகோதரி, கோவையில் அந்தப் பெற்றோர் பயிற்சி எத்தனை வாரம், சனிக்கிழமைகளில் உண்டா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? மகளுக்கு நேரம் வாங்கிவிட்டேன்.